சந்தா வாங்குற கை கதவைத் திறக்குமா?

அமெரிக்காவில் 26 மாநிலங்களில் ‘வேலை செய்யும் உரிமைச் சட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் வேலை இல்லாதவனுக்கு வேலை கொடுக்கிற சட்டமாக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். நம்முடைய அரசியல் சட்டத்தின் 41ஆவது உறுப்பு வேலைக்கான உரிமை என்று பேசுவது அந்த அர்த்தத்தில்தான். இது அது இல்லை. இந்தச் சட்டம் இதுவரை ஒரு மனுசனுக்கும் ஒரு நாள் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை. சங்கத்தோடு நிர்வாகம் போடுகிற ஒப்பந்தத்தில் ‘இங்கே வேலை பார்க்கிற எல்லோரும் சங்கத்துக்குச் சந்தாவோ அதற்கு ஈடாக ஒரு தொகையோ கட்டியாக வேண்டும்’ என்று ஒரு விதி எழுதக் கூடாது. இதுதான் சட்டம். இவ்வளவுதான் சட்டம்.

இந்த அமெரிக்கச் சமாச்சாரத்தை இந்தப் பக்கங்களில் எதற்கு எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. நம் இளைஞர்கள் மத்தியில், குறிப்பாகக் கல்லூரிக்கு வந்துவிட்ட முதல் தலைமுறைப் பிள்ளைகள் மத்தியில் ஒரு பேச்சு அடிபடுகிறது. “சங்கம்னா அவங்க சங்கம்தானே, அதுக்கு நாம ஏன் காசு அழணும்? இஷ்டம் இருந்தா சேரு, இல்லன்னா விடு. இதுதானே நமக்கு நல்லது?” இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் பழைய தோழர்கள். சங்கத்துக்குள் சாதி இருக்கிறது என்று வாயைத் திறந்தாலே போதும், வர்க்க ஒற்றுமையைக் குலைக்க வந்துட்டான் என்று முத்திரை குத்திவிடுவார்கள். எனக்கு இந்த இரண்டு தரப்போடும் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையை நான் போடுவதைவிட, இதே கேள்வியைத் தங்கள் உடம்பின்மேல் சுமந்து பார்த்த கருப்பின மக்களின் அனுபவத்தை எடுத்து வைப்பது மேல் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த நாட்டு ஏற்பாடு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஒரே ஆலையில் ஆறு கொடி பறக்கும். அங்கே அப்படி இல்லை. 1935இல் வந்த வாக்னர் சட்டப்படி, ஒரு வேலையிடத்தில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அந்த ஒரே சங்கம்தான் எல்லோருக்காகவும் பேசும். சேர்ந்தவனுக்கும் பேசும், சேராதவனுக்கும் பேசும். அது வாங்கித் தருகிற கூலி உயர்வு இருவருக்கும் ஒன்றுதான். அப்படியானால் செலவை யார் தாங்குவது? இதற்குச் சங்கங்கள் கண்ட வழிகள் மூன்று. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடு என்பது ஒன்று. இதை ‘குளோஸ்டு ஷாப்’ என்பார்கள். வேலைக்கு வந்தபின் குறிப்பிட்ட நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது இரண்டாவது. சேர வேண்டாம், பேச்சுவார்த்தைச் செலவுக்கு மட்டும் பங்கு கட்டு என்பது மூன்றாவது. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் முதல் வழியை நாடு முழுக்கத் தடை செய்தது. மற்ற இரண்டையும் மாநிலங்கள் விரும்பினால் தடை செய்துகொள்ளலாம் என்று 14(பி) பிரிவில் ஒரு சந்து வைத்தது. அந்தச் சந்து வழியாகத்தான் இன்று 26 மாநிலங்களில் இந்தச் சட்டம் நிற்கிறது. பிறகு 1963இலும் 1988இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப்பின், தனியார் துறையில் எந்த மாநிலத்திலும் எவரையும் முழு உறுப்பினராகச் சேரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அதாவது ‘கட்டாய உறுப்பினர்’ என்று இவர்கள் காட்டுகிற பூச்சாண்டி செத்து வெகுகாலம் ஆகிறது. சண்டை இப்போது காசுக்குத்தான். சங்கம் உயிரோடு இருக்கிற காசுக்கு.

இந்தச் சட்டம் பிறந்த கதை இருக்கிறதே, அதைத்தான் நம் பிள்ளைகள் முக்கியமாகப் படிக்க வேண்டும். பெயரை வைத்தது டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரத்துப் பத்திரிகையில் தலையங்கம் எழுதிய வில்லியம் ரக்கிள்ஸ். ஆண்டு 1941. அதுவும் அவர்களுடைய தொழிலாளர் தினத்தன்று! அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர் வான்ஸ் மியூஸ் என்கிற டெக்சாஸ்காரர். ‘கிறிஸ்டியன் அமெரிக்கன் அசோசியேஷன்’ என்று ஹூஸ்டனில் ஓர் அமைப்பு; பெருமுதலாளிகளின் பணத்தில் பிரச்சாரம் செய்வது இவர் தொழில். ஜனாதிபதி ரூஸ்வெல்டின் மனைவி எலினார் கருப்பு இளைஞர்களோடு நடந்துபோகிற புகைப்படத்தை அச்சடித்துத் தெற்கு மாநிலங்களில் விநியோகித்து, ‘பாருங்கள் அநியாயத்தை’ என்று காட்டிய ஆட்கள் இவரும் இவருடைய கூட்டாளிகளும். இவருக்குச் சங்கத்தின்மேல் ஏன் இவ்வளவு ஆத்திரம்? அவரே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கட்டாய உறுப்பினர் முறை வந்தால் வெள்ளை ஆணும் பெண்ணும் கருப்பர்களோடு ஒரே அமைப்பில் இருக்க வேண்டி வரும், அவர்களை ‘சகோதரா’ என்று அழைக்க வேண்டி வரும், மாட்டேன் என்றால் வேலை போகும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். கருப்பர்களைக் குறிக்க அவர் பயன்படுத்திய மிருகத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஊர்ச் சங்கங்களில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரா’ என்று அழைப்பது வழக்கம். அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. இது நமக்குப் புரியாத விசயமா? எழுபது வயது தாத்தாவை மீசை முளைக்காத பொடியன் ‘டேய்’ என்று கூப்பிடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அவனை ‘அண்ணே’ என்று கூப்பிடவைப்பது கூலி உயர்வைவிடப் பெரிய போராட்டம் என்று நமக்குத் தெரியும். வான்ஸ் மியூசுக்கும் தெரிந்திருக்கிறது. ‘வேலை செய்யும் உரிமை’ என்கிற பளபளப்பான சுதந்திரப் பேச்சுக்கு அடியில் கிடப்பது இதுதான்.

1944இல் ஆர்கன்சாஸ், ஃப்ளோரிடா இரண்டு மாநிலங்களிலும் வாக்கெடுப்பு நடத்தி இதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஆர்கன்சாஸ் என்றால் பருத்திக் காடு. 1934இல் அங்கேதான் கருப்பு வாரக் குடியானவர்களும் வெள்ளை வாரக் குடியானவர்களும் ஒன்றாகச் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார்கள். மிராசுதாருக்கு அதைவிடக் கெட்ட கனவு வேறென்ன இருக்க முடியும்? ஆர்கன்சாசில் அப்போது தலைவரி கட்டினால்தான் ஓட்டு. கருப்பனும் ஏழை வெள்ளையனும் வரிகட்ட முடியாமல் வெளியே நிற்க, உள்ளே இருந்தவர்கள் ‘தொழிலாளியின் சுதந்திரத்துக்கு’ ஓட்டுப் போட்டார்கள். அதே 1944இல் கலிஃபோர்னியாவிலும் இதைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அங்கே மக்கள் தோற்கடித்தார்கள். ஆனால் தெற்கு முழுக்க ஒவ்வொன்றாக விழுந்தது. 1947இல் டெக்சாஸ், டென்னசி, ஜார்ஜியா, வர்ஜீனியா, வட கரோலினா, 1953இல் அலபாமா, 1954இல் மிசிசிப்பியும் தென் கரோலினாவும். கருப்பரையும் சேர்த்துச் சங்கம் கட்டுவோம் என்று சி.ஐ.ஓ. என்கிற தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1946இல் தெற்கே இறங்கிய நேரம் இது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, முதலாளி கெட்டவன், நிறவெறியன் கெட்டவன், சங்கம் நல்லது. கதை முடிந்ததா? தோழர்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்து போகப் பார்ப்பார்கள். உட்காருங்கள், இனிமேல்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் நேரம். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சாசலிட்டோ என்கிற ஊரில் மேரின்ஷிப் என்று ஒரு கப்பல் கட்டும் தளம். போருக்குக் கப்பல் வேண்டும், கைகள் வேண்டும். தெற்கே பருத்திக் காட்டிலிருந்து கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் மேற்குக் கடற்கரைக்கு வந்து சேர்கிறார்கள். தளத்தில் பாய்லர் தொழிலாளர் சங்கத்தோடு குளோஸ்டு ஷாப் ஒப்பந்தம். சங்கத்தில் இருந்தால்தான் வேலை. ஆனால் அந்தச் சங்கத்தில் கருப்பர்களைச் சேர்ப்பதில்லை! பிறகெப்படி வேலை? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கருப்பர்களுக்கென்று ‘துணைச் சங்கம்’. சந்தா கட்ட வேண்டும். ஆனால் முதன்மைச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதி கிடையாது. வெள்ளைக் கிளையின் கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். செத்தால் வருகிற காப்பீட்டுத் தொகைகூடக் குறைவு. டீக்கடையில் தனி டம்ளர் பார்த்திருக்கிறோம். இது சங்கத்தில் தனி டம்ளர். டீக்கு மட்டும் ஒரே விலை.

அந்தத் தளத்தில் வெல்டராக இருந்த ஜோசப் ஜேம்ஸ் என்பவரும் அவருடைய ஆட்களும், இந்தச் சந்தாவைக் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். 1943 கடைசியில் சங்கம் சொல்ல, நிர்வாகம் அவர்களை வேலையைவிட்டு நிறுத்தியது. வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பு நீதிபதியான தர்குட் மார்ஷலும் அந்த வழக்கில் வழக்கறிஞராக நின்றார். 1944இல் தீர்ப்பு. நீதிமன்றம் சொன்னதை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: வேலைக்கு வாசல் சங்கம்தான் என்று வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இருக்கலாம், சங்கத்தின் வாசலைச் சாத்திவைத்துக்கொள்ளவும் உனக்கு ஆசை இருக்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. குளோஸ்டு ஷாப் வேண்டுமென்றால் சங்கத்தைத் திற. சாத்தித்தான் வைப்பேன் என்றால் குளோஸ்டு ஷாப்பை விடு.

இந்தத் தீர்ப்பை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இதில் இருக்கிற நுட்பத்தைப் பாருங்கள். கட்டாயம் தப்பு என்று அது சொல்லவில்லை. ஜோசப் ஜேம்சும் அப்படிக் கேட்கவில்லை. ‘என்னை விட்டுவிடு’ என்று அவர் வழக்குப் போடவில்லை. ‘என்னிடம் வாங்குகிறாய் அல்லவா, என்னைச் சமமாக உள்ளே விடு’ என்றுதான் கேட்டார். சந்தா கட்ட மறுத்த மனிதர் சங்கத்தின் எதிரி இல்லை. சங்கத்தை உண்மையான சங்கமாக ஆக்கப் பார்த்தவர். (தீர்ப்பு வந்து சீக்கிரமே போர் முடிந்தது, 1946இல் தளத்தையும் மூடிவிட்டார்கள். நமக்கு நீதி கிடைக்கிற நேரமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.)

அதே 1944 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு முடிந்தது. அலபாமா பக்கம் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேலை. அழுக்கும் சூடுமான வேலையாக இருந்தவரை கருப்பர்களுக்கு விட்டிருந்தார்கள். எஞ்சின் நவீனமாகி வேலை கொஞ்சம் இலகுவானதும் வெள்ளையர் பார்வை அதன்மேல் விழுந்தது. கருப்பர்களைச் சேர்க்காத ஃபயர்மேன் சங்கம்தான் சட்டப்படி எல்லா ஃபயர்மேன்களுக்கும் ஏகப் பிரதிநிதி. அது நிர்வாகத்தோடு உட்கார்ந்து, கருப்பு ஃபயர்மேன்களைப் படிப்படியாக வெளியேற்ற ஒப்பந்தமே போட்டது! ஸ்டீல் என்கிற ஃபயர்மேன் வழக்குப் போட்டார். எல்லோருக்காகவும் பேசுகிற அதிகாரத்தைச் சட்டத்திடம் வாங்கிக்கொண்ட சங்கம், தன்னிடம் உறுப்பினராக இல்லாதவனுக்கும் பாரபட்சம் இல்லாமல் நியாயமாகப் பேசக் கடமைப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. சரிதான். ஆனால் உள்ளே சேர்த்துக்கொள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே நில், உனக்கும் நியாயமாகப் பேசுவான் என்று நம்பு என்றது.

என் சித்தப்பா ஒரு ஆலையில் முப்பது வருசம் சந்தா கட்டினார். ஒரு மாதம் தவறியதில்லை. சங்கக் கூட்டம் என்றால் நாற்காலி அடுக்குவது, கொடிக்கம்பம் ஊன்றுவது, ஊர்வலத்தில் முன்வரிசையில் போலீஸ் தடியை வாங்குவது எல்லாம் அவரும் அவரோடு கழிவுப் பகுதியில் வேலை செய்த நம் ஆட்களும். செயற்குழுத் தேர்தல் வந்தால் மட்டும் ‘அனுபவம் வாய்ந்த தோழர்கள்’ தேவைப்படுவார்கள். கழிவுப் பகுதியின் கோரிக்கை சாசனத்தில் எப்போதும் கடைசி. பேரம் பேசும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அதுதான். நான் கல்லூரியில் படிக்கும்போது கோபத்தில் கேட்டேன், எதுக்குச் சித்தப்பா இவனுங்களுக்குக் காசு குடுக்குறீங்க என்று. “குடுக்கலன்னா மேஸ்திரி மதிக்கமாட்டான்டா. குடுத்தா சங்கம் மதிக்கல. ரெண்டு பேர்ல யாரைத் திருத்த முடியும்னு நினைக்கிற? மேஸ்திரியையா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க விடை தேடியவர் ஏ. ஃபிலிப் ராண்டல்ஃப். 1925இல் ரயில் தூங்கும் பெட்டிகளில் படுக்கை விரிக்கிற, செருப்புத் துடைக்கிற கருப்புப் போர்ட்டர்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார். புல்மன் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட 1937 வரை பன்னிரண்டு வருசம் ஆனது. தனிச் சங்கம் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெள்ளையர் கையிலிருந்த ஏ.எஃப்.எல். கூட்டமைப்புக்குள் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு மாநாட்டிலும் எழுந்து, நிறத்தடை வைத்திருக்கிற சங்கங்களை வெளியேற்று என்று கேட்டார். ஒவ்வொரு மாநாட்டிலும் தோற்றார். 1959இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனி பொறுமை இழந்து மேடையிலிருந்தே கத்தினார்: அமெரிக்காவிலிருக்கிற எல்லாக் கருப்பர்களுக்கும் உன்னைக் காவலனாக எவன் நியமித்தான் என்று. இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ‘நீங்க மட்டும்தான் தலித்துக்கா?’ என்று நம்மிடம் கேட்கிற தோழர்களின் குரல் இதுதான். ராண்டல்ஃப் வெளியேறவில்லை. 1960இல் கருப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு கவுன்சிலை அமைத்துக்கொண்டு உள்ளேயிருந்தே குடைச்சல் கொடுத்தார்.

இப்போது நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். சங்கம் இவ்வளவு மோசமாக இருந்ததே, அப்படியானால் ‘இஷ்டம் இருந்தால் கட்டு’ என்கிற சட்டம் கருப்பனுக்கு லாபம்தானே? இதே கேள்வியை முதலாளிகளே கருப்பர்களிடம் போய்க் கேட்டார்கள். 1958இல் கலிஃபோர்னியாவில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது, ‘உங்களைச் சேர்க்காத சங்கத்துக்கு நீங்கள் ஏன் பாவம் பார்க்கிறீர்கள்’ என்று கருப்பு வாக்காளர்களிடம் நைச்சியமாகப் பேசினார்கள். சங்கங்களின் நிறத்தடையை எதிர்த்து நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறிய அதே என்.ஏ.ஏ.சி.பி. இந்தச் சட்டத்தை எதிர்த்தது. சட்டம் தோற்றது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கும், இந்தப் போலி முழக்கத்தில் ஏமாறாதீர்கள், இது நம் வேலையையும் உரிமையையும் பறிக்க வந்தது என்று எச்சரித்தார்.

ஏன் என்று யோசித்தால் விசயம் எளியதுதான். ‘வேலை செய்யும் உரிமைச் சட்டம்’ கொடுப்பது கட்டாமல் இருக்கிற உரிமை. சேருகிற உரிமையை அது கொடுப்பதில்லை. அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் அந்தச் சட்டம் வந்த பிறகும் வெள்ளைக் கைவினைச் சங்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. கதவு திறக்கவில்லை. வெளியே நிற்பவனுக்கு ‘நீ வெளியே நிற்கச் சுதந்திரம் பெற்றவன்’ என்று ஒரு சீட்டுக் கிடைத்தது, அவ்வளவுதான். நிறத்தடையை உடைத்தது வேறு: மேரின்ஷிப் மாதிரி வழக்குகள், ராண்டல்ஃப் மாதிரி உள்ளிருந்து கொடுத்த குடைச்சல், கடைசியில் தெருவில் ரத்தம் சிந்தி வாங்கிய 1964 குடியுரிமைச் சட்டம். அதன் ஏழாவது பகுதி முதலாளியை மட்டுமல்ல, சங்கத்தையும் சேர்த்தே கட்டுகிறது.

மெம்ஃபிஸ் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அது நம் கதை. குப்பை அள்ளுகிறவர்களின் கதை.

டென்னசி மாநிலம். 1947 முதல் ‘வேலை செய்யும் உரிமை’ உள்ள மாநிலம். மெம்ஃபிஸ் நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கருப்பர்கள். ஓட்டைத் தொட்டியைத் தலையில் சுமந்து, அழுகல் தண்ணீர் கழுத்தில் வழிய வேலை. மழை பெய்தால் கருப்புத் தொழிலாளியை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். வெள்ளை மேற்பார்வையாளனுக்கு முழுநாள் சம்பளம். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை வண்டியின் பின்வாய்க்குள்ளேயே ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்குகிற இயந்திரம் ஓடத் தொடங்கியது. இரண்டு பேரையும் குப்பையோடு குப்பையாக நசுக்கியது. அந்த மாதிரிப் பழைய வண்டிகளை மாற்றுங்கள் என்று தொழிலாளர்கள் ஏற்கனவே முறையிட்டிருந்தார்கள். மலக்குழிக்குள் இறங்கிச் செத்த நம் பிள்ளைகளின் சாவுச் செய்தியைப் படிக்கிறவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பேசப்படாத ஒன்று, அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சந்தா பற்றியது என்பது. சங்கத்தை அங்கீகரி, எங்கள் சம்பளத்திலேயே சங்கச் சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்குக் கொடு என்று கேட்டார்கள். கட்டாயச் சந்தா இல்லை. அந்த மாநிலத்தில் அதைக் கேட்கவே முடியாது. மனமுவந்து கட்டுகிறவனின் சந்தாவைப் பிடித்துக் கொடு என்பது மட்டும்தான். மேயர் ஹென்றி லோப் கூலியைப் பற்றிக்கூடப் பேசத் தயாராக இருந்தார், இதற்கு மட்டும் மாட்டேன் என்றார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? மேயருக்குத் தெரியும். கைக்கும் வாய்க்கும் எட்டாத கூலியில், வாரம் வாரம் குப்பை வண்டி நிற்கிற இடத்துக்கெல்லாம் ஆள் போய் ஒவ்வொருவரிடமும் காசு வசூலிப்பது என்றால், மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருப்பான்; கொடுத்தவன் பெயர் அவன் நோட்டில் ஏறும். ஐந்து வருசத்துக்கு முன்னால் 1963இல் சங்கம் வைக்க முயன்ற டி.ஓ. ஜோன்ஸ் என்ற தொழிலாளியையும் அவரோடு சேர்ந்தவர்களையும் வேலையைவிட்டே தூக்கியிருந்தார்கள். சம்பளத்தில் பிடித்தம் என்று வந்துவிட்டால் சங்கம் நிலைத்துவிடும். ‘என் வீட்டு வேலைக்காரர்கள்’ என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்வார்கள். சுதந்திரம், தனிமனித விருப்பம் என்று பேசுகிறவர்கள் மெம்ஃபிஸைப் பார்க்க வேண்டும். விருப்பத்தோடு ஒருவன் கட்டுவதைக்கூட அவர்கள் பொறுக்கவில்லை.

65 நாள் நடந்தது அந்தப் போராட்டம். மார்ச் 18இல் கிங் வந்து பேசினார். மார்ச் 28 ஊர்வலத்தன்று 16 வயதுப் பையன் லாரி பெய்ன் போலீஸ் குண்டுக்குச் செத்தான். கிங் மறுபடி வந்தார், ஏப்ரல் 4இல் அந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் ஒப்பந்தம். மணிக்கு 15 சென்ட் உயர்வு, இரண்டு தவணையாக. சங்கத்துக்கு அங்கீகாரம். சந்தா? நகராட்சி நேராகப் பிடித்துக் கொடுத்தால் மேயரின் கௌரவம் என்னாவது! தொழிலாளர்களின் கடன் சங்கத்துக்குப் பிடித்தம் போகும், அங்கேயிருந்து தொழிற்சங்கத்துக்குப் போகும் என்று ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். ஒரு சந்தாத் தொகை சம்பளப் பட்டியலிலிருந்து சங்கக் கணக்குக்கு வந்து சேர இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

அம்பேத்கரும் இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்தான். பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதிக்குள் தீண்டத்தகாதவர்களை விடவில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து எச்சில் தொட்டு முடிய வேண்டும், தீட்டாகிவிடும் என்பது சாக்கு. 1920களின் கடைசியில் வேலைநிறுத்தங்கள் நடந்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர் என்று சங்கத் தலைவர்களை நெருக்கினார். 1938இல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்கள் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளியமும் நம்முடைய இரண்டு எதிரிகள் என்று சொல்லி, பல தோழர்களின் வாயில் விழுந்தார். ஆனால் அதே 1938 நவம்பரில், வேலைநிறுத்த உரிமையை நெரிக்கிற பம்பாய் மசோதாவை எதிர்த்து அதே கம்யூனிஸ்டுகளோடு ஒரே மேடையில் நின்று பொது வேலைநிறுத்தம் நடத்தினார். 1943இல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சங்கங்களை முதலாளிகள் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். சங்கத்தின் சாதியைக் கண்டித்தவர் சங்கத்தை முதலாளியிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் சண்டை ஓயவில்லை. 2018இல் ஜானஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நாடு முழுக்க அரசு ஊழியர் எவரிடமும் கட்டாயமாகப் பங்குத் தொகை வாங்கக் கூடாது என்றது. அதே ஆண்டு மிசூரி மக்கள் வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். மிச்சிகன் 2012இல் கொண்டுவந்ததை 2023இல் ரத்து செய்தது. 2024 கணக்குப்படி ஹவாயில் சம்பளக்காரர்களில் 26.5 சதவீதம் பேர் சங்கத்தில் இருக்கிறார்கள், நியூயார்க்கில் 20.6, வட கரோலினாவில் 2.4. முதல் இரண்டிலும் இந்தச் சட்டம் இல்லை. மூன்றாவதில் 1947 முதல் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த மண்ணின் நிறவெறியும் முதலாளிகளின் அடாவடியும் சேர்ந்ததுதான். ஆனால் இவற்றை அந்தச் சட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா என்ன? இன்னொன்று, இன்று அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கருப்பர்கள்தான் அதிக விகிதத்தில் சங்கத்தில் இருக்கிறார்கள். எந்தச் சங்கம் வெளியே நிறுத்தியதோ அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

இங்கே 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக்குகிறது. மீதி 49 பேருக்கும் சேர்த்து அதுவே பேசும். அந்த 49 பேரில் துப்புரவுக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் நம் பெண்களும்தான் அதிகம் இருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. ஆகவே தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோருக்காகவும் பேசுகிற அதிகாரம் வேண்டுமா? வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சந்தாவையும் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டாயமாகவே வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் சங்க விதியில் எழுதுங்கள்: நிரந்தரம், ஒப்பந்தம் என்று பார்க்காமல் கேட்கிற எவரையும் முழு உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், கூட்டிப் பெருக்குகிற பகுதிக்கும் கழிவுப் பகுதிக்கும் செயற்குழுவில் அவர்களே தேர்ந்தெடுத்த ஆள் உட்கார வேண்டும், அவர்கள் கோரிக்கையை அவர்கள் கையெழுத்தில்லாமல் பேரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எழுதமாட்டோம் என்கிற சங்கத்தில் சந்தா ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்காருங்கள், ஜோசப் ஜேம்ஸ் உட்கார்ந்த மாதிரி. எழுதிவிட்டால், நம் பிள்ளைகளே, ஒரு மாதம்கூட பாக்கி வைக்காதீர்கள்.